நான்கு வாசல், ஒரு மானியம்: கம்பெனி அறக்கட்டளைகளுக்கு என் மதிப்பெண்

எங்கள் டிரஸ்ட் பத்திரம் பதினான்கு பக்கம். 2009இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தது. முத்திரைத்தாள் பழுத்துப்போய் ஸ்கேன் செய்தால் 11 எம்.பி. வருகிறது. மானியம் கேட்கப் போன கம்பெனி அறக்கட்டளையின் விண்ணப்பப் பக்கமோ 2 எம்.பி.க்கு மேல் வாங்காது. வேதாரண்யம் கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தம்பி, ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "அக்கா, இதுக்கு மேல சுருக்குனா எழுத்தே தெரியாது" என்றான். தெரியாவிட்டால் பரவாயில்லை, ஏறினால் போதும் என்றேன். ஏறியது. யாராலும் படிக்க முடியாத அந்தப் பத்திரத்துக்கு மறுநாள் காலை "ஆவணம் சரிபார்க்கப்பட்டது" என்று பச்சை டிக் விழுந்திருந்தது.

மிக்சி வாங்கினவர், மண்டபம் எடுத்தவர், ஆம்னி பஸ்ஸில் போனவர் எல்லாரும் விமர்சனம் எழுதுகிறார்கள். கம்பெனி அறக்கட்டளையிடம் மானியம் கேட்டவர்கள் எழுதி நான் பார்த்ததில்லை. அடுத்த வருஷமும் அதே வாசலில் போய் நிற்க வேண்டுமே, அதனால்தான். நானும் நிற்கத்தான் போகிறேன். ஆகவே யார் பெயரும் இதில் இருக்காது. ஆனால் மதிப்பெண் இருக்கும்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். வேதாரண்யத்தைச் சுற்றி, உப்பள வேலைக்குப் போகும் குடும்பங்கள் இருக்கிற ஆறு ஊர்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 180 பிள்ளைகள். ஆறு டீச்சர்கள். எல்லாரும் அந்தந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு வந்த, பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள். ஒருங்கிணைப்பாளர் நான். கணக்கு எழுதுவதும் நான், சுண்டலுக்குக் கடலை வாங்கிப் போட டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் சுற்றுவதும் நான்.

என் அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். இன்றைக்கு எத்தனை மூட்டை ஏறியது, எத்தனை ஆள் வந்தது, எத்தனை மணிக்கு மழை பிடித்தது எல்லாவற்றையும் நீளவாக்கு நோட்டில் எழுதுவார். அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. மானியம் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எத்தனை மணி நேரம் போனது, எத்தனை ரூபாய் போனது என்று எழுதி வைத்திருக்கிறேன். கீழே வரும் மதிப்பெண்களெல்லாம் அந்த நோட்டைப் பார்த்துப் போட்டவை.

இந்த உலகம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சட்டம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். இதற்குத்தான் சி.எஸ்.ஆர். என்று பெயர். தானே செய்யலாம், சொந்த அறக்கட்டளை வைத்துச் செய்யலாம், எங்களைப் போன்றவர்கள் கையில் கொடுத்தும் செய்யலாம். "அவங்க சட்டப்படி குடுத்தே ஆகணும் மேடம், நீங்க கேட்டா போதும்" என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னதை நம்பித்தான் இறங்கினேன். கொடுத்தே ஆக வேண்டும் என்பது மெய்தான். உங்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

அதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்த கம்பெனிப் பணம் கஜா புயல் பணம்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்த புயல் அது. அடுத்த ஒரு மாதம் லாரி லாரியாக வந்து இறங்கியது. தார்ப்பாய், சோலார் விளக்கு, பாய், பிஸ்கட். ஒருவரும் டிரஸ்டுக்கான வருமான வரிப் பதிவுகளான 12ஏ இருக்கிறதா, 80ஜி இருக்கிறதா என்று கேட்கவில்லை. வாசலில் பேனர் கட்ட ஒரு மரம் கேட்டார்கள், அதுதான் எங்களிடம் இல்லை, எல்லாம் விழுந்து கிடந்தது. பொங்கல் வந்ததும் லாரி நின்றுவிட்டது. தார்ப்பாய் கொடுத்த அதே வகைக் கம்பெனிகளிடம் சாதாரண வருஷத்தில் ஒரு டீச்சர் சம்பளம் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி.

சரி, முதல் வாசலுக்கு வருகிறேன். 2022. சென்னையைச் சுற்றித் தொழிற்சாலைகள் வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனியின் அறக்கட்டளை. பளபளப்பான இணையப் பக்கம், "உங்கள் கனவை எங்களிடம் சொல்லுங்கள்" என்கிற வகை. கனவைச் சொல்வதற்கு முன்னால் சி.எஸ்.ஆர்.-1 எண் வேண்டும். இது 2021 ஏப்ரல் 1 முதல் வந்த ஏற்பாடு: கம்பெனிப் பணம் வாங்கும் டிரஸ்ட் எதுவானாலும் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். அந்தப் படிவத்தில் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு மேல் ஆடிட்டரும் சான்று கொடுக்க வேண்டும். எங்கள் தலைவருக்கு வயது 71. அவர் பெயரில் டிஜிட்டல் கையெழுத்து வாங்க, கேமராவைப் பார்த்துத் தன் பெயரையும் ஆதார் விவரத்தையும் சொல்லி வீடியோ எடுக்க வேண்டியிருந்தது. நான்கு முறை "முகம் தெளிவாக இல்லை" என்று திருப்பினார்கள். ஐந்தாவது முறை மாட்டுக் கொட்டகை வெளிச்சத்தில் நிற்க வைத்து எடுத்தோம், அது தேறியது.

ஒன்பது பக்க விண்ணப்பம். மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, பான், தொண்டு நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் தர்பண் எண், அறங்காவலர் ஒவ்வொருவரின் வாழ்க்கைக் குறிப்பு, "உங்கள் திட்டத்தில் புதுமை என்ன?" என்று 200 சொற்கள். எங்கள் திட்டத்தில் புதுமை எதுவும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு டீச்சர் வருவார், பிள்ளைகள் வரும், விளக்கு எரியும், வாய்ப்பாடு சொல்லும், சுண்டல் தின்னும். இதையே 200 சொற்களில் புதுமையாக எழுத எனக்கு இரண்டு ராத்திரி பிடித்தது.

ஏழாவது பக்கத்தில்தான் "மாவட்டத்தைத் தேர்வு செய்க" என்று வந்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், கிருஷ்ணகிரி. அவ்வளவுதான் பட்டியல். நாகப்பட்டினம் இல்லை. கீழே "மற்றவை" என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினேன்.

சட்டத்திலேயே இருக்கிறது, கம்பெனி தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று. நியாயம்தான். புகை யார் ஊரில் விழுகிறதோ பணமும் அந்த ஊரில் விழட்டும். ஆனால் பெரிய தொழிற்சாலை இல்லாத ஊருக்கு அந்த வழியாகப் பணம் வராது. இன்னொரு வழி இருக்கிறது. மத்திய அரசு பின்தங்கியவை என்று தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களுக்குச் சில கம்பெனிகள் தேடிப்போய்க் கொடுக்கும். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை ராமநாதபுரமும் விருதுநகரும். நாங்கள் அதிலும் இல்லை. தொழிற்சாலையும் இல்லை, போதுமான அளவுக்குப் பின்தங்கவும் இல்லை. இரண்டும்கெட்டான் மாவட்டம்.

நான்கு மாதம் கழித்து மின்னஞ்சல் வந்தது. "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி." காரணம் இல்லை. காரணம் கேட்டு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. நோட்டுக் கணக்கு: 37 மணி நேரம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் 1,800, ஆடிட்டர் சான்றுகள் 3,500, ஸ்கேன், பிரிண்ட் 640, நாகப்பட்டினத்துக்கு இரண்டு நடை 320. மொத்தம் 6,260 ரூபாய். டோக்கனும் சான்றும் பிறகு மற்ற இடங்களுக்கும் உதவின, அந்தப் பாவத்தை முழுக்க இவர்கள் தலையில் கட்டக் கூடாது. ஆனால் அந்த மாவட்டப் பட்டியலை முதல் பக்கத்தில் போட்டிருந்தால் என் 37 மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அதற்கு அவர்களுக்கு ஒரு பைசா செலவில்லை. ஐந்துக்கு அரை நட்சத்திரம். அந்த அரையும் பச்சை டிக்குக்கு.

இரண்டாவது வாசல் நான் தட்டாமலே திறந்தது. 2023 மார்ச் 20, திங்கட்கிழமை, கடலை ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். போன். "மேடம், நாங்க இந்தக் கம்பெனி சி.எஸ்.ஆர்.லேருந்து பேசறோம். உங்ககிட்ட சி.எஸ்.ஆர்.-1 இருக்குதானே? ரெண்டு லட்ச ரூபாய்க்கு ஸ்கூல் பேக் குடுக்கலாம்னு இருக்கோம். மார்ச் 31க்குள்ள முடிச்சிடுவீங்களா?"

எனக்கு அப்போது புரியவில்லை, ஏன் இந்த அவசரம் என்று. ஆடிட்டர்தான் சொன்னார். தொடர் திட்டத்துக்கென்று ஒதுக்கிய பணம் மிஞ்சினால், நிதியாண்டு முடிந்து 30 நாளைக்குள் தனிக் கணக்கில் போட்டு மூன்று ஆண்டுக்குள் செலவழித்துவிடலாம். அப்படி எந்தத் திட்டத்துக்கும் ஒதுக்காமல் மிஞ்சினால், ஆறு மாதத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி போன்ற அரசு நிதிகளுக்குக் கட்டிவிட வேண்டும். அப்படிக் கட்டினால் போட்டோவும் இல்லை, பேனரும் இல்லை. அதனால் மார்ச் மாதத்துக் கடைசி வாரங்களில் கம்பெனிகளுக்கு ஏழைப் பிள்ளைகள்மேல் ஒரு பாசம் பொங்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை "மார்ச் மழை" என்கிறோம். பருவம் தப்பாது.

பை வேண்டாம், இரண்டு லட்சத்தில் மூன்று டீச்சர்களுக்கு ஒரு வருஷச் சம்பளம் போட்டுவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "சம்பளம்லாம் இப்ப அப்ரூவல் வாங்க முடியாது மேடம், பேக்னா உடனே முடிஞ்சிரும்." வாங்கிக்கொண்டேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்குப் பை தேவைதான். தஞ்சாவூர் மொத்தக் கடையில் 200 பை எடுத்தோம். லோகோ அச்சடிக்க நேரம் இல்லை என்று ஸ்டிக்கர் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். திருத்துறைப்பூண்டியில் ஸ்டிக்கர் அடித்து, ஆறு டீச்சர்களும் நானும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினோம். 30ஆம் தேதி போட்டோ. "பையை முன்னாடி பிடிங்க, லோகோ தெரியணும், சிரிங்க." பிள்ளைகள் சிரித்தன. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பாதிப் பைகளில் ஸ்டிக்கர் இல்லை. பை மட்டும் இன்றைக்கும் உழைக்கிறது.

இவர்களுக்கு இரண்டரை நட்சத்திரம். சொன்ன நாளில் பணம் வந்தது, 19 மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது, செலவுச் சான்றுக்கு ஒரே ஒரு பக்கம் கேட்டார்கள். குறைத்தது எதற்கென்றால், ஏப்ரல் மாதம் நன்றி சொல்லி, டீச்சர் சம்பளத்தைப் பற்றிப் பேச மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அடுத்த மார்ச்சில் அவர்களே கூப்பிட்டார்கள். இந்த முறை தண்ணீர் பாட்டில்.

மூன்றாவது வாசலுக்கு நான் விண்ணப்பமே போடவில்லை. முதல் வாசலில் கற்ற பாடம், படிவத்தைத் தொடுவதற்கு முன் போனைத் தொடு என்பது. இன்னொரு அறக்கட்டளையின் இணையப் பக்கத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். வயதான குரல். நான் பாதி சொல்லும்போதே, "அம்மா, ஒரு நிமிஷம். நாங்க ஏரி, குளம் தூர்வார்றதுக்கு மட்டும்தான் தர்றோம். படிப்புக்குத் தர்றதில்ல. போர்டுல முடிவு பண்ணினது, என்னால மாத்த முடியாது. ஃபாரம் போட்டு உங்க நேரத்தைக் கெடுத்துக்காதீங்க" என்றார். நன்றி சொல்லி வைக்கப் போனேன். "இருங்க, உப்பளமா? எந்த ஊரு? எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டுவிட்டு, படிப்புக்குக் கொடுக்கும் இன்னொரு அறக்கட்டளையைச் சொன்னார். "அங்க ஆகஸ்ட்ல எடுப்பாங்க. ஜூலையிலயே ரெடி பண்ணி வெச்சுக்குங்க. சம்பளத்துக்கு வரம்பு வெச்சிருப்பாங்க, முதல்லயே கேட்டுக்குங்க."

ஆறு நிமிடம். ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. ஐந்துக்கு ஐந்து. என் நோட்டில் ஐந்து வாங்கிய ஒரே இடம் இதுதான். இதைப் படித்துவிட்டு ஏதாவது ஒரு கம்பெனி அறக்கட்டளைக்காரர் "என்ன, இல்லை என்று சொன்னவனுக்கு முழு மதிப்பெண்ணா?" என்று கேட்டால், ஆமாம். இல்லை என்பதை ஆறு நிமிடத்தில் சொல்கிறவரும் நான்கு மாதத்தில் சொல்கிறவரும் எங்களுக்கு ஒன்றில்லை.

அவர் காட்டிய வாசல்தான் நான்காவது. இங்கேதான் மானியம் கிடைத்தது, இங்கேதான் நோட்டிலும் பக்கம் அதிகம்.

2023 ஆகஸ்டில் போட்டோம். எங்கள் ஆண்டுச் செலவு 9,39,600 ரூபாய். ஆறு டீச்சர்களுக்கு மாதம் 5,000 வீதம் 3,60,000. எனக்கு 12,000 வீதம் 1,44,000. வாடகை 72,000. சுண்டல் ஒரு பிள்ளைக்கு ஆறு ரூபாய், 220 நாள், 2,37,600. நோட்டு, புத்தகம் 60,000. பயணம் 36,000, ஆடிட்டர் 18,000, கரண்டும் சில்லறையும் 12,000. ஒளிவுமறைவு இல்லாத கணக்கு. பாதிக்கு மேல் சம்பளம், ஏனென்றால் இது கட்டடம் கட்டும் வேலை இல்லை, ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் வேலை.

அவர்கள் விதி, ஆள் செலவு 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நிர்வாகச் செலவு 5 சதவீதம். இந்த ஐந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் போகிற இடமெல்லாம் இதைச் சட்டம் என்று சொல்லித்தான் எங்களை அடக்குகிறார்கள். சி.எஸ்.ஆர். விதிகளில் 5 சதவீத வரம்பு இருப்பது உண்மை. ஆனால் அது கம்பெனி தன் சி.எஸ்.ஆர். வேலையைப் பொதுவாக நிர்வகிக்கத் தானே செய்யும் செலவுக்கான வரம்பு. ஒரு திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று அந்த வரையறையிலேயே இருக்கிறது. கம்பெனியின் சட்டைக்கு எடுத்த அளவை எங்களுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். எங்கள் ஆடிட்டர் அந்த விதியை அச்சடித்துக் கொடுத்தார், நானும் விண்ணப்பத்தோடு வைத்தேன். "எங்கள் உள் கொள்கை" என்று பதில் வந்தது. கொள்கை என்றால் சரி, சட்டம் என்று சொல்லாதீர்கள்.

அடுத்து, ஒரு ஆலோசனை நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார், எங்களைச் சோதிக்க. 350 கிலோமீட்டர் தாண்டி, இரவுப் பேருந்தில், பாவம் தூக்கமில்லாமல் இறங்கினார். கையில் 23 கொள்கைகளின் பட்டியல். ஊழியர் கொள்கை, கொள்முதல் கொள்கை, சொத்து மேலாண்மைக் கொள்கை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கு உள்ளகக் குழு எங்கே என்று கேட்டார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில்தான் அது கட்டாயம், நாங்கள் ஏழு பெண்கள் என்றேன். எழுதிக்கொண்டார். குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை கேட்டார். அது எங்களிடம் இல்லை. அது இருக்க வேண்டியதுதான், அந்த ஒன்றில் அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. அன்றைக்கு எழுதியதை இன்றும் கடைப்பிடிக்கிறோம்: இருட்டின பிறகு எந்தப் பிள்ளையும் தனியாக வீட்டுக்குப் போகாது, மையத்தில் வெளி ஆள் யாரும் தனியாக இருக்க முடியாது. மற்ற 22 கொள்கைகளும் பீரோவில் இருக்கின்றன.

சுண்டலில் வந்து நின்றார். "உணவுச் செலவு திட்ட நோக்கத்தோட பொருந்தலையே மேடம். அரசாங்கமே காலை உணவு குடுக்குதே."

அந்தத் திட்டத்தை மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரித்த விழா, 2023 ஆகஸ்ட் 25, எங்கள் மாவட்டத்துத் திருக்குவளையில்தான் நடந்தது. எங்களுக்கா தெரியாது? "அது காலையில சார். இது சாயங்காலம் ஆறு மணி" என்றேன். விடியற்காலை மூன்று மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போகிற அம்மா, வெயில் ஏறினதும் வந்து, சமைத்து, படுத்து எழுந்திருக்கிறாள். பிள்ளை மத்தியானம் பள்ளியில் சாப்பிட்டது. ஆறு மணிக்குப் பசிக்கும். பசித்த பிள்ளைக்கு வகுத்தல் ஏறாது. இதைத் திட்ட நோக்கத்தோடு பொருத்தி எழுத, 'மாலை நேர வருகைத் தக்கவைப்பு ஊக்கம்' என்று ஒரு பெயரை அவரே சொன்னார். சுண்டலுக்கு இப்படி ஒரு பெயர் கடலைக்கே தெரியாது.

"சமூகத்தின் வரலாறு, 150 சொற்கள்" என்று ஒரு கட்டம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து, 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானதை எழுதினேன். அது அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மொத்த விண்ணப்பத்திலும் திருத்தம் கேட்காத ஒரே கட்டம்.

அப்புறம் அந்தக் கேள்வி. எல்லாப் படிவத்திலும் இருக்கும், கடைசிக்கு முந்தின பக்கத்தில்: மானியம் நின்ற பிறகு திட்டம் எப்படித் தன்னிறைவு அடையும்? மாதம் 5,000 ரூபாயில் ஒரு டீச்சர், தினம் ஆறு ரூபாயில் ஒரு சுண்டல், கட்டணம் கட்ட முடியாத பெற்றோர். இதில் எங்கே இருந்து லாபம் வந்து தன்னிறைவு வரும்? "முன்னாள் மாணவர் பங்களிப்பு, உள்ளூர் வணிகர் நன்கொடை" என்று எழுதினேன். எழுதும்போது எனக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும்.

இவ்வளவு சொல்லிவிட்டு நான்கு நட்சத்திரம் கொடுக்கப் போகிறேன் என்றால் காரணம் அந்த அறக்கட்டளையின் திட்ட அதிகாரி. இருபத்தெட்டு வயதுக்குள் இருக்கும் ஒரு சென்னைப் பெண். நான் "மேடம்" என்றால் அவர் "அக்கா" என்பார், கடைசி வரைக்கும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. நவம்பரில் மழையோடு வந்தார். மையத்தில் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தோம். பாயில் உட்கார்ந்து, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பின்னக் கழித்தல் சொல்லிக்கொடுத்து, அவனுக்குப் புரியாமல், எங்கள் டீச்சரைக் கூப்பிட்டு, "நீங்க சொல்லுங்க அக்கா, நான் கத்துக்கிறேன்" என்றார். டீச்சர் புளியங்கொட்டையை வைத்துச் சொன்னார். அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார்.

மறுநாள் போன் செய்தார். "அக்கா, டீச்சர் சம்பளத்தை ஆள் செலவுல போடாதீங்க. 'கற்பித்தல் சேவை'ன்னு தனித் தலைப்புல போடுங்க. அது திட்டச் செலவு. உங்க சம்பளம் மட்டும் ஆள் செலவு. நான் மேல பேசிட்டேன், எழுத்துல அனுப்பறேன்." அனுப்பினார். அவர் மேலே என்ன பேசினார், யாரிடம் பேசினார் தெரியாது. 30 சதவீதச் சுவரில் ஒரு கதவு வைத்தது அவர்தான்.

2024 பிப்ரவரியில் ஒப்பந்தம். கேட்டது 9,39,600, கிடைத்தது 6,00,000. முதல் தவணை 3,60,000 சொன்ன வாரத்திலேயே வந்தது. ஆறு டீச்சர்களின் ஒரு வருஷச் சம்பளமும் அதே 3,60,000தான். கணக்கில் விழுந்த குறுஞ்செய்தியை அன்று மாலை ஆறு பேருக்கும் காட்டினேன். ஒருவர் கேட்டார், "அப்ப அடுத்த மாசி வரைக்கும் கவலையில்லியாக்கா?"

இருந்தது. இரண்டாவது தவணை 2,40,000, செலவுச் சான்று கொடுத்த பிறகு. ஆடிட்டர் கையெழுத்தோடு, அவர் சான்று மெய்தானா என்று சரிபார்க்க உதவும் யு.டி.ஐ.என். எண்ணோடு கொடுத்தோம். ஒரு மையத்தின் கடலை பில்லில் கடைக்காரர் தேதி போடவில்லை என்று திரும்பி வந்தது. திருத்திக் கொடுத்தோம். அப்புறம் அவர்கள் நிதிப் பிரிவில் ஆள் மாறிவிட்டார்கள். 74 நாள். அதில் இரண்டு மாதச் சம்பளத்தை என் இரண்டு வளையல்கள் போட்டன, கூட்டுறவு வங்கியில். அந்த வட்டியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அதிகாரியிடம் கேட்டேன். அவருக்கே வருத்தம். "அதுக்குத் தலைப்பு இல்லக்கா." அந்த 74 நாளிலும் ஒரு முறைகூட அவர் என் போனை எடுக்காமல் விட்டதில்லை. பணம் வராத நாட்களில் பதில் வந்துகொண்டிருந்தது.

இன்னொரு முணுமுணுப்பு. கம்பெனியின் சராசரி சி.எஸ்.ஆர். கடமை 10 கோடியோ அதற்கு மேலோ, திட்டம் ஒரு கோடியோ அதற்கு மேலோ என்றால்தான், என்ன பலன் விளைந்தது என்று அளக்கும் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்கிறது விதி. எங்களிடம் ஆறு லட்சத்துக்குத் தொடக்கத்தில் ஒரு மதிப்பீடு, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று கேட்டார்கள். 180 பிள்ளைகளையும் மூன்று முறை பரீட்சை வைத்து, எக்செல்லில் ஏற்றினோம். டீச்சர்களுக்குச் சுண்டல் நேரம் போய்விட்டது. மதிப்பெண் உயர்ந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க வேண்டியதில்லை.

நோட்டுக் கணக்கு: 112 மணி நேரம். அறிக்கைகளைச் சேர்க்காமல்.

போடப்போகிற சின்ன டிரஸ்ட்காரர்களுக்கு அனுபவத்தில் இரண்டு வார்த்தை. 12ஏ, 80ஜி பதிவு குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் கிடைத்திருக்கும், முடியும் தேதியைப் பார்த்து ஆறு மாதத்துக்கு முன்பே புதுப்பிக்கப் போடுங்கள். நன்கொடை வாங்கின கணக்கை மே 31க்குள் 10பிடி படிவத்தில் வருமான வரித் துறைக்குக் கொடுத்துவிடுங்கள், தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய். எங்களுக்கு ஒரு முறை 2,200 போனது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைத் தலைவர் வீட்டு சாமி மாடத்தில் வைக்காதீர்கள், கற்பூரப் புகையில் ஒன்று போனது. மீதியெல்லாம் போனை எடுத்து, "எங்க மாவட்டத்துக்குக் குடுப்பீங்களா, சம்பளத்துக்குக் குடுப்பீங்களா, எப்ப முடிவு சொல்வீங்க" என்று மூன்றே கேள்வி. எடுக்காத போனுக்குப் படிவம் போடாதீர்கள்.

அந்த அதிகாரி போன மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் நல்லவராகத்தான் தெரிகிறார், இன்னும் "மேடம்" அளவில் இருக்கிறோம். இந்த ஆண்டுக்கான விண்ணப்பம் திறந்துவிட்டது. பத்திரம் இப்போது 5 எம்.பி. வரைக்கும் ஏறுகிறது, முன்னேற்றம். புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: பயனாளி ஒருவர் பேசும் வீடியோ, இரண்டு நிமிடம், படுக்கைவாட்டில் எடுத்தது. எந்தப் பிள்ளையை நிறுத்துவது என்று டீச்சர்களுக்குள் சண்டை நடக்கிறது. நோட்டில் இதுவரை 14 மணி நேரம்.